அம்மா ஏன் தூணுக்குப் பின்னால் நிற்க வேண்டும்?

தாலியைத் தட்டில் வைத்து மண்டபம் முழுக்க ஆசி வாங்கக் கொண்டு வருவார்கள் இல்லையா, அந்த நேரத்தில் கணவரை இழந்த பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். யாரும் போகச் சொல்ல மாட்டார்கள், அவர்களே எழுந்து பின்வரிசைக்கோ சாப்பாட்டுக் கூடத்துக்கோ நகர்ந்துவிடுவார்கள். பெற்று வளர்த்து, நகையை அடகு வைத்துக் கல்யாணம் நடத்துகிற அம்மாவும்தான். எனக்கு வயிறு எரிகிறது.

இதை யார் விரும்புகிறார்கள்? மண்டபத்தில் தனித்தனியாகக் கேளுங்கள், "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, நாலு பேர் என்ன சொல்வாங்க" என்பார்கள். சரி, அந்த நாலு பேரைப் போய்க் கேட்டால் அவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்! அடுத்தவர் நம்புகிறார் என்று நினைத்தே எல்லோரும் கட்டுப்படுகிறோம். கூடவே ஒரு பயம், நாளைக்குப் பெண்ணுக்கு ஏதாவது ஆனால் பழி இந்த அம்மா தலையில்தான் விழும்.

2022 மே மாதம் மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டத்து ஹெர்வாட் கிராமப் பஞ்சாயத்து, விதவைகளின் பொட்டை அழிப்பது, வளையலை உடைப்பது போன்ற சடங்குகள் இனி இல்லை என்று தீர்மானம் போட்டது. பிற ஊர்களும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று அதே மாதம் மாநில அரசே சுற்றறிக்கை விட்டது. ஊரே சேர்ந்து வெளிப்படையாகச் சொன்னதால் தனியாக யாரும் பயப்பட வேண்டியதில்லை. இங்கே 2023இல்தான், கணவரை இழந்தவர் என்று கோயிலுக்குள் விடாமல் தடுக்கப்பட்ட ஈரோடு மாவட்டப் பெண் ஒருவருக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் பேச வேண்டியிருந்தது.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிற பிள்ளைகளே, அம்மாதான் தாலி எடுத்துத் தர வேண்டும் என்று நிச்சயதார்த்தத்தன்றே இரண்டு வீட்டாரிடமும் சொல்லிவிடுங்கள். மேடையில் கூப்பிட்டால் அவர் கூச்சத்தில் வரமாட்டார்.