இரண்டு மார்க்குக்கு எத்தனை வரி?

பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுத் தாள் 90 மதிப்பெண்ணுக்கு. அதில் இரண்டு மார்க் வினாக்கள் பத்து, ஏழு எழுதினால் போதும், 30ஆம் எண் மட்டும் கட்டாயம். கூட்டினால் 14 மார்க்தான். ஆனாலும் திருத்தும் முகாமில் என் சிவப்புப் பேனா அதிகம் தடுமாறுவது இந்தப் பகுதியில்தான். ஒரு மார்க் என்றால் சரி அல்லது தப்பு. ஐந்து மார்க்கில் எப்படியும் இரண்டு மூன்று பாயிண்ட் தேறிவிடும். இரண்டு மார்க்கில் ஒளிய இடமில்லை, எழுதியவனுக்கும் சரி, திருத்துகிறவனுக்கும் சரி.

ஒரு தடவை 'தீன்காதியா முறை என்றால் என்ன?' என்று கேட்டிருந்தார்கள். ஒரு பையன் முக்கால் பக்கம் எழுதியிருந்தான். சம்பாரண் பீகாரில் இருக்கிறது, ராஜ்குமார் சுக்லா காந்தியை அழைத்துப் போனார், வருஷம் 1917 என்று எல்லாம் சரியாக, அடிக்கோடு வேறு. குடியானவன் தன் நிலத்தில் இருபதில் மூன்று பங்கில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிக்காக அவுரி போட்டே ஆகவேண்டும் என்ற ஒரு வரியைத்தான் காணோம். மேலும் கீழுமாக இரண்டு முறை தேடினேன். பாவமாக இருந்தது. 'பக்கத்தை நிரப்புடா, மார்க் விழும்' என்று அவனுக்குச் சொன்னது யாரோ ஒரு வாத்தியார்தானே. நானும் வகுப்பில் சொன்னவன்தான்.

இன்னொரு தாள். ரௌலட் சட்டத்தை ஏன் கறுப்புச் சட்டம் என்றார்கள்? விடைக்குறிப்பில் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம் என்பதற்கு ஒன்று, விசாரணை இல்லாமல் சிறையில் வைக்கலாம் என்பதற்கு ஒன்று. தாளில் கோழி கிளறியது போன்ற எழுத்தில் இவ்வளவுதான்: 'பிடித்துக்கொண்டு போனால் ஏன் என்று கேட்க முடியாது.' சட்டம் வந்த வருஷம் 1919 இல்லை, பிடியாணை என்ற சொல்லே இல்லை. சைபர் போடக் கை போனது. நின்றது.

முதன்மைத் தேர்வாளரிடம் கொண்டுபோனேன்.

"மேடம், இதுக்கு என்ன போட?"

படித்துவிட்டுச் சிரித்தார். "வக்கீல் இல்லை, வாதம் இல்லை, அப்பீல் இல்லைன்னு அன்னைக்கு ஜனங்க கத்தினதும் இதைத்தானே சார்?"

"விடைக்குறிப்புல இருக்கிற வார்த்தை ஒண்ணுகூட இல்லையே."

"பொருள் இருக்கே. ஒண்ணு போடுங்க. ரெண்டு போட்டா கூர்ந்தாய்வுல கேப்பாங்க."

ஒன்று போட்டேன். இரண்டு போட்டிருக்க வேண்டும் என்று இன்னமும் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு வகுப்பில் புத்தகத்தை மூடச் சொல்கிறேன். "உங்க ஆயா கேட்டா எப்படிச் சொல்லுவ? அதை ரெண்டு வரியில எழுது." முதல் வாரம் ஒருவரும் எழுதவில்லை, மூடிய புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மெல்ல எழுத ஆரம்பித்தார்கள். போன மாதம் ஒரு பிள்ளை எழுந்து, "சார், இப்படி எழுதினா பப்ளிக்ல ரெண்டு மார்க் போடுவாங்களா?" என்று கேட்டது.

"போடுவாங்கம்மா" என்றேன். கொஞ்சம் பொறுத்து, "வருஷத்தையும் ஓரமா எழுதிடு" என்றேன்.