பிஸ்கட் டப்பாவுல கெடந்த அப்பாவோட காது மெஷின்

எங்க வீட்டு பீரோவுல ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கு, கரண்ட் பில் ரசீது, எந்தப் பூட்டுக்குன்னே தெரியாத சாவி, நூல்கண்டு எல்லாம் அதுலதான் கெடக்கும். அப்பாவோட காது மெஷினும் எட்டு மாசம் அதுக்குள்ளயே கெடந்துச்சு. ரிப்பேர்னு நாங்களே முடிவு பண்ணி வச்சுட்டோம். ஒரு ரிப்பேரும் இல்ல, மெஷின்ல இருந்து காதுக்கு சத்தம் கொண்டு போற டியூப்புக்குள்ள ஒரு சொட்டு தண்ணி, மோல்டு வாயில (காதுக்குள்ள உக்கார்ற அச்சுதான் மோல்டு) காது அழுக்கு, அவ்வளவுதான். அந்த எட்டு மாசமும் அவர் வீட்டுக்குள்ளயே யார்கிட்டயும் பேசாம இருந்தாருங்கறத நெனச்சா இப்பவும் மனசு கேக்க மாட்டேங்குது, அதனாலதான் தெரிஞ்சதையெல்லாம் எழுதிடலாம்னு உக்காந்தேன்.

அப்பா குமாரபாளையத்துல முப்பத்திநாலு வருசம் தறி ஓட்டுனவரு. விசைத்தறி பட்டறைக்குள்ள ஒரு தடவ நின்னு பாத்தவங்களுக்குத் தெரியும், 90 டெசிபலுக்கு மேலங்கறது அங்க சாதாரணம், பக்கத்துல நிக்கறவங்ககிட்டயே கையாலயும் வாயசைவாலயும்தான் பேசிக்குவாங்க. நாடா, அதாவது நூல குறுக்க இழுத்துட்டு ஓடற கட்டை, போய் வர்ற சத்தத்த வச்சே எந்தத் தறியில என்ன கோளாறுன்னு அப்பா சொல்லிருவாரு. காதுல பஞ்சு வைக்கணும்னு கூட அன்னைக்கு யாரும் சொல்லல. சத்தத்துல வேல செஞ்சு போற காது ஒரே அடியா போறதில்ல, மொதல்ல 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சுன்னு இருக்கற மெல்லிய சத்தங்கள்தான் போகும், தடிச்ச சத்தம் ரொம்ப நாளைக்கு நல்லாவே கேக்கும். அதனால லாரி ஹாரன் கேக்கும், ஆம்பளைங்க கொரல் ஓரளவு கேக்கும், ஆனா ச, ஸ, த, க மாதிரி எழுத்தெல்லாம் காத்தோட போயிரும். அம்மா "ஏனுங்க, பால் வந்துருச்சு"ன்னா "கால்ல என்ன?"ன்னு திருப்பிக் கேப்பாரு. அவர் கவனிக்கறதில்லன்னு நாங்க வருசக்கணக்குல சலிச்சுக்கிட்டோம். "சத்தம் கேக்குது கண்ணு, என்ன சொல்றீங்கன்னுதான் புரியல"ன்னு அவர் எத்தனையோ தடவ சொன்னதோட அர்த்தம் காது டெஸ்ட் பண்ணி குடுக்கற ஆடியோகிராம் படத்துல கோடு வலது பக்கம் போகப் போக சரிஞ்சு எறங்கறத பாத்த அப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது.

மெஷின் வாங்குன எடத்துல கால் மணி நேரம் கூட ஒக்கார வச்சு சொல்லித் தரல. காதுல மாட்டி விட்டாங்க, கேக்குதான்னு கேட்டாங்க, கேக்குதுன்னாரு, இங்கிலீஷ்ல ஒரு புக்கு குடுத்து அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்ததும் தன் கொரலே கொடத்துக்குள்ள இருந்து பேசறாப்புல இருக்குதுன்னாரு, அடுப்படியில பாத்திரம் வச்சா திடுக்குன்னு திரும்புவாரு, ப்ளாஸ்டிக் கவர் கசங்குனா தாங்கல. ரெண்டு நாள்ல கழட்டிட்டாரு. மறுபடி எப்பவாவது போட்டா கீ...ன்னு விசில், அப்புறம் ஒரு நாள் சுத்தமா சத்தமே வரல, டப்பாக்குள்ள போயிருச்சு.

திரும்பி வந்தது தற்செயலாத்தான். உதவித்தொகை சம்பந்தமா சர்டிபிகேட் வாங்க ஜி.எச்சுக்கு கூட்டிட்டுப் போனப்ப அங்க காது கேக்கறத டெஸ்ட் பண்ற ஆடியாலஜிஸ்ட் மேடம், பழைய மெஷின் இருந்தா கொண்டாங்கன்னாங்க. கொண்டு போனோம். காது மேல மாட்டற கொக்கியில இருந்து டியூப்ப மெதுவா உருவி வெளிச்சத்துல புடிச்சு காட்டுனாங்க, நடுவுல முத்து மாதிரி ஒரு நீர்க்குமிழி. மோல்டு ஓட்டையில அழுக்கு அடைச்சு கெடந்துச்சு. "மெஷின்ல ஒண்ணும் இல்லீங்கய்யா, வழிதான் அடைச்சிருக்கு"ன்னாங்க. அப்பா ஒடனே, "தார் சுத்தறப்ப நூல் வர்ற வழியில பஞ்சு அடைச்சா ஓடாதில்ல, அந்த மாதிரிங்களா?"ன்னு கேட்டாரு. அந்த நிமிசத்துல இருந்து மெஷின் அவரோட கைக்குப் போயிருச்சு, நாங்க யாரும் பாத்துக்க வேண்டியதில்லாம போச்சு.

அவர் சொன்னதுதான் சரியான கணக்கு. காதுக்குப் பின்னாடி உக்கார்ற அந்த வாழப்பழ வடிவ பாகத்துலதான் மைக், சத்தத்த பெருசாக்கற சர்க்யூட், குட்டி ஸ்பீக்கர் எல்லாமே இருக்கு. அங்க இருந்து வர்ற சத்தம் கொக்கி வழியா டியூப்புக்குள்ள போயி மோல்டு வழியா காதுக்குள்ள எறங்குது. அந்த டியூப்போட உள் ஓட்டை ரெண்டு மில்லிமீட்டர் கூட முழுசா இருக்காது. எத்தன ஆயிரம் குடுத்து வாங்குன மெஷினா இருந்தாலும் சத்தம் அந்த ஓட்டை வழியாத்தான் போகணும், ஒரு சொட்டு தண்ணி போதும் நிறுத்தறதுக்கு. காதுக்குள்ள சூடு, வெளிய டியூப் குளிர்ச்சி, அதனால உள்ள ஈரம் சேந்துக்கிட்டே இருக்கும், மழக்காலத்துலயும் ஏசி பஸ்ஸுலயும் இன்னும் அதிகம்.

அதுக்கு ரப்பர் பந்து மாதிரி ஒரு ப்ளோயர் இருக்கு, காது மெஷின் விக்கற கடையிலயே கெடைக்கும். டியூப்ப கொக்கியில இருந்து கழட்டிட்டு அந்த முனையில வச்சு நாலஞ்சு தடவ அமுக்குனா தண்ணி மோல்டு வழியா வெளிய வந்துரும். கழட்டாம மட்டும் ஊதக் கூடாது, மெஷினுக்குள்ள போயிரும். வாயால ஊதறதும் வேண்டாம், மூச்சுலயே ஈரம் இருக்கு. வாரம் ஒரு தடவ அப்பா மோல்டையும் டியூப்பையும் தனியா கழட்டி வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்சம் சோப்பு போட்டு அலசி, ஊதி, ராத்திரி முழுக்க துணி மேல காய வச்சுருவாரு. ஸ்பிரிட், டெட்டால் எதுவும் தொடறதில்ல, அது மோல்டையும் டியூப்பையும் கெடுத்துரும். மெஷின் பாகத்துல தண்ணியே படக்கூடாது, அத காஞ்ச துணியில தொடைச்சா போதும். திரும்ப மாட்டறப்ப மோல்டு எந்தப் பக்கம் பாக்கணும்னு கொழப்பம் வரும், அதுக்கு மொதல் தடவ கழட்டறதுக்கு முன்னாடியே போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சேன், இப்ப அவருக்கு அது தேவையே இல்ல.

ராத்திரிக்கு ஒரு மூடி போட்ட டப்பா, அதுல சிலிக்கா ஜெல். எங்ககிட்ட இருக்கறது ஆரஞ்சு கலர், ஈரம் குடிச்சா பச்சையாயிரும், நீலக் கலர்னா வெளுத்து ரோஸ் ஆயிரும். மாறுனதும் சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய சட்டியில போட்டு சின்னத் தீயில வறுத்தா பழைய கலர் வந்துரும், தூக்கிப் போட வேண்டியதில்ல. டப்பாக்குள்ள மெஷின வைக்கறப்ப பேட்டரிய எடுத்துட்டு அந்தக் கதவ தெறந்தபடி வைக்கணும். பேட்டரியையும் உள்ளயே விட்டா அதுவும் காஞ்சு ஆயுசு கொறைஞ்சுரும்.

பேட்டரி விசயத்துல ரெண்டு மாசம் நஷ்டப்பட்டோம். அப்பாவுக்கு 13ஆம் நம்பர், ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் (10க்கு மஞ்சள், 312க்கு பிரவுன், 675க்கு நீலம், எந்த கம்பெனின்னாலும் கலர் இதேதான், அதனால படிக்கத் தெரியாதவங்களும் கடையில கலர் சொல்லியே வாங்கிரலாம்). இது ஜிங்க் ஏர் பேட்டரி, மேல இருக்கற ஸ்டிக்கர உரிச்சா குட்டி ஓட்டை வழியா காத்து உள்ள போகும், அந்தக் காத்துலதான் கரண்டே உண்டாகுது. அப்பா சிக்கனமா இருக்கணும்னு தெனம் ராத்திரி அந்த ஸ்டிக்கர திரும்ப ஒட்டி வைப்பாரு, ஆனா ஒரு தடவ உரிச்சுட்டா அதோட ஓட்டம் ஆரம்பிச்ச மாதிரிதான், திரும்ப ஒட்டி பெரிய பிரயோசனம் இல்ல. எங்க சித்தப்பா வீட்டுல ஒரே நேரத்துல அட்டையில இருந்த ஆறையும் உரிச்சு வச்சுட்டாங்க, அத்தனையும் வீணாப் போச்சு. உரிச்சதும் ஒடனே போடாம ஒண்ணு ரெண்டு நிமிசம் காத்துல வச்சுட்டு அப்புறம் போடணும். ஃப்ரிட்ஜ்ல வைக்கறது நல்லதுன்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, வெளிய எடுத்தா ஈரம் கோத்துக்கும். பேட்டரி தீர்றப்ப கொஞ்சம் கொஞ்சமா கொறையாது, கடைசி வரைக்கும் நல்லா இருந்துட்டு திடீர்னு நின்னுரும், அதனால அப்பா தெனசரி காலண்டர்லயே மாத்துன தேதிய எழுதி வைக்கறாரு, அவருக்கு பதினோரு பன்னெண்டு நாள் வருது. சட்டப் பையில எப்பவும் ரெண்டு இருக்கும், சில்லறையோட சேத்து வைக்க வேண்டாம்னு மட்டும் சொல்லியிருக்கேன், காசு பட்டா ஷார்ட் ஆகும். தீந்து போனத ஒரு மூடி டப்பாவுல போட்டு ஒசரத்துல வச்சுருக்கோம், வீட்டுல மூணு வயசு கொழந்த இருக்கு. முழுங்கிட்டா வெளிய வந்துரும்னு காத்திருக்கற விசயமே கெடையாது, அந்த நிமிசமே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

நடுவுல ஒண்ணு நடந்துச்சு. பேட்டரி கதவு கொஞ்சம் இறுக்கமா இருக்குன்னு அப்பா தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுட்டாரு. தறிக்காரருக்கு அதுதான வைத்தியம், அவர் மேல எனக்குக் கோவமே வரல. ஆனா எண்ணெய் உள்ள போயி சர்வீசுக்கு குடுத்து பதினஞ்சு நாள் மெஷின் இல்லாம இருந்தாரு, அந்த பதினஞ்சு நாளும் பழைய மாதிரி மூலையில போயி உக்காந்துக்கிட்டாரு, எங்க எல்லாருக்குமே கஷ்டமா இருந்துச்சு. எண்ணெய்னா தலைக்கு வைக்கற தேங்காண்ணெயும்தான். குளிச்சு எண்ணெய் வச்சு, பவுடர் போட்டு எல்லாம் முடிச்ச அப்புறம் கடைசியா மெஷின மாட்டணும். முடி வெட்டப் போறப்பவும் டை அடிக்கறப்பவும் கழட்டிரணும்.

விசில் சத்தத்துக்கு பாதி நேரம் காரணம் மோல்டு சரியா உக்காராததுதான். உள்ள போற சத்தம் சந்து வழியா வெளிய கசிஞ்சு திரும்ப மைக்குக்கே போகுது, அதுதான் அந்தக் கீச்சு. மோல்டோட மேல் நுனி காது மடிப்புக்குள்ள போகாம வெளிய துருத்திக்கிட்டு இருக்கும், அவங்களுக்கே தெரியாது. இன்னொரு கையால காத மேல் பக்கமா லேசா இழுத்துக்கிட்டு திருகுன மாதிரி உள்ள விட்டா உக்காந்துரும், கண்ணாடி முன்னாடி பத்து நாள் பழகுனா கை தானா போகும். அதுக்கும் நிக்கலன்னா காதுல அழுக்கு இருக்கலாம், அத ஈஎன்டி டாக்டர்கிட்ட எடுங்க, பட்ஸ் போட்டு உள்ள தள்ளாதீங்க. டியூப் மஞ்சளாகி வெறச்சு வெடிச்சிருந்தாலும் கீச்சும், மூணுல இருந்து ஆறு மாசத்துக்கு ஒரு தடவ மாத்தியே ஆகணும். ஒடம்பு எளைச்சா மோல்டே லூசாயிரும், அப்பாவுக்கு சுகர் வந்து எளைச்சப்ப புதுசா அளவெடுத்தோம். விசில் எப்பவுமே கெட்டதுன்னும் இல்ல, மெஷின ஆன் பண்ணி உள்ளங்கையில பொத்துனா கீச்சணும், கீச்சலன்னாதான் பேட்டரியோ டியூப்போ பாக்கணும்.

பழகறதுக்கு அந்த மேடம் குடுத்த வழி எங்களுக்கு ரொம்ப உதவுச்சு. மொத வாரம் தெனம் ரெண்டு மணி நேரம், சத்தமில்லாத ரூம்ல, தினத்தந்திய வாய்விட்டு படிக்கச் சொன்னாங்க, தன் கொரல் பழகட்டும்னு. அப்புறம் ஒருத்தரோட பேச்சு, அப்புறம் டிவி, அப்புறம் கடைவீதி, கல்யாண மண்டபம் எல்லாத்துக்கும் கடைசி. பல வருசமா கேக்காத சத்தத்த மூளை திரும்ப வகை பிரிச்சுக்க வாரக்கணக்குல ஆகும், அத யாரும் மொதல்ல சொல்லாததாலதான் ரெண்டே நாள்ல கழட்டுனாரு.

எங்களுக்கும் சேத்துத்தான் பாடம் எடுத்தாங்க. அடுப்படியில இருந்து கத்தாதீங்க, பக்கத்துல வந்து முகத்த காட்டி சாதாரணமா, கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பேசுங்கன்னாங்க. கத்துனா மெஷின் அத இன்னும் பெருசாக்கி வார்த்தைய செதைச்சுரும். அம்மாவுக்குத்தான் இது கஷ்டமா இருந்துச்சு, முப்பது வருசம் கத்தியே பழகுன கொரலு. இப்ப "ஏனுங்க"ன்னு மொதல்ல கூப்புட்டு அவர் திரும்புன அப்புறம்தான் விசயத்த ஆரம்பிக்கறாங்க.

வசதி இல்லாதவங்க மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல விசாரிங்க, காதுக்குப் பின்னாடி மாட்டற மெஷின் அரசாங்கமே குடுக்குது. இது வரைக்கும் ஒரு காதுக்குத்தான் எங்களால வாங்க முடிஞ்சுது, ரெண்டு காதுக்கும் போட்டா எந்தப் பக்கம் இருந்து சத்தம் வருதுன்னு தெரியும்னு மேடம் சொன்னாங்க, எழுதிக் குடுத்திருக்கோம். ரெண்டு வந்துட்டா செவப்பு மார்க் வலது காது, நீலம் எடது காதுன்னு இப்பவே அப்பாவுக்கு சொல்லி வச்சுட்டேன்.

நேத்து எதிர் வீட்டு பெரியப்பா வந்தாரு, அவரும் தறிக்காரருதான், மெஷின ஒரு பாலிதீன் கவர்ல சுத்தி எடுத்துட்டு வந்திருந்தாரு. திண்ணையில வச்சு அப்பா டியூப்ப உருவி வெளிச்சத்துல பாத்தாரு, ப்ளோயர் வச்சு ஊதுனாரு, புது பேட்டரி போட்டு உள்ளங்கையில பொத்திப் பாத்தாரு. கீச்சுச்சு. ஆனா டியூப் மஞ்சளாகி குச்சி மாதிரி வெறச்சு போயிருக்கு, இத நாமளே மாத்த வேண்டாம்னு சொல்லிட்டாரு. புதன்கிழம காலையில ரெண்டு பேரும் சேந்து ஈரோடு போறாங்க, நான்தான் பஸ் ஏத்தி விடணும்.