அந்த ஃபார்ம்ல எதை டிக் பண்றது?

போன மாசம் எங்க தொழில் சங்கத்துல இருந்து ஒரு ஆன்லைன் ஃபார்ம் வந்துது. சேவைத் துறை வர்த்தக ஒப்பந்தங்கள் பத்தி தொழில் பண்றவங்க கிட்ட கருத்து கேக்குறாங்களாம். பத்துப் பன்னெண்டு கேள்வி இருந்துது, நாலாவது கேள்வில மாட்டிக்கிட்டேன். உங்க தொழிலுக்கு எது அதிகப் பயன், பல நாடு சேர்ந்த பிராந்திய ஒப்பந்தமா, ரெண்டு நாடு மட்டும் போட்டுக்கிற இருதரப்பு ஒப்பந்தமா? அவ்ளோதான், மூணாவது ஆப்ஷன் கிடையாது, ஒண்ண டிக் பண்ணாம அடுத்த பக்கத்துக்கும் விடல. கடுப்பாகி மூடிட்டேன். ஆனா ஒரு வாரமா மண்டைக்குள்ள அதேதான் ஓடிட்டு இருக்கு, அதான் இங்க எழுதி இறக்கி வைக்கிறேன்.

நான் பண்றது ஸ்ட்ரக்சரல் டிசைன். சின்ன ஆபீஸ், 14 பேர். வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு ட்ராயிங், கால்குலேஷன் எல்லாம் இங்க இருந்தே பண்ணி அனுப்புவோம், அப்பப்ப யாராவது ஒருத்தர் நேர்ல போய் சைட்ல நிக்க வேண்டி வரும்.

இந்த மாதிரி கேள்வியைத் தயார் பண்றவங்க மனசுல எப்பவும் சரக்கு வியாபாரம்தான் இருக்குன்னு எனக்கு ஒரு சந்தேகம். சரக்குக்கு அந்தக் கேள்வி நியாயமானது. ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் ஒரு வரி விகிதம், பொருள் எந்த நாட்டுல தயாரானதுன்னு நிரூபிக்க ஒவ்வொண்ணுக்கும் ஒரு தனி விதி, தனி சர்டிபிகேட். பொருளாதார நிபுணர் ஜகதீஷ் பகவதி 1995-ல இதைத்தான் ஸ்பகெட்டி கிண்ணம்னு சொன்னார், எந்த இழை எங்க போகுதுன்னே தெரியாத சிக்கல். அதனால ஏற்றுமதி பண்றவங்க இருபது இருதரப்பு ஒப்பந்தத்தை விட பெருசா ஒண்ணு போதும்பாங்க, சரிதான். ஆனா என் ட்ராயிங் எந்த கஸ்டம்ஸ் வழியாவும் போறதில்ல. அதுக்கு வரியும் கிடையாது. என்னை நிறுத்துறது எல்லையில இல்ல, எல்லைக்கு உள்ள: லைசென்ஸ் இருக்கா, விசா கிடைக்குமா, உள்ளூர் பார்ட்னர் வேணுமா, ஃபைல் எந்த நாட்டு சர்வர்ல இருக்கணும். இது நாலும் நாலு வேற ஆபீஸ், நாலு வேற சட்டம். வர்த்தக அமைச்சர் கையெழுத்து போட்டதும் இந்த நாலும் வழிவிட்டுடும்னு நினைக்கிறதுதான் முதல் தப்பு.

அதோட சேவை ஒப்பந்தத்துல நிறைய பேருக்குத் தெரியாத ஒரு ஓட்டை இருக்கு. உலக வர்த்தக அமைப்புல 1995-ல இருந்து அமல்ல இருக்கிற, காட்ஸ்ங்கிற சேவை வர்த்தக ஒப்பந்தத்தோட 5-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, ரெண்டு நாடோ பத்து நாடோ தங்களுக்குள்ள ஒரு சலுகை குடுத்துக்கிட்டா, வேற உறுப்பு நாட்டுக்காரன் அந்தப் பகுதிக்குள்ள கம்பெனி பதிவு பண்ணி உண்மையாவே தொழில் நடத்திட்டு இருந்தா அந்தச் சலுகை அவனுக்கும் உண்டு. வளரும் நாடுகள் மட்டும் சேர்ந்து போடுற ஒப்பந்தத்துக்கு இதுல கொஞ்சம் தளர்வு உண்டு, மத்தபடி விதி இதுதான். ஹாங்காங்கும் சீனாவும் 2003-ல போட்ட ஒப்பந்தத்தைப் பாருங்க, முதலாளி எந்த நாட்டுக்காரர்ங்கிறது அதுல பெரிய விஷயமே இல்ல, பெரும்பாலான துறைக்கு ஹாங்காங்ல மூணு வருஷம் நிஜமா தொழில் பண்ணியிருந்தா ஹாங்காங் கம்பெனிதான்.

இதனால என்ன ஆகுதுன்னா, பெரிய கம்பெனிக்கு பிராந்தியமா இருதரப்பாங்கிறது கவலையே இல்ல. ஏற்கெனவே முப்பது நாட்டுல ஆபீஸ் வச்சிருக்கான், எந்த நாடு யாரோட கையெழுத்து போட்டாலும் அந்த ஊர் ஆபீஸ் பேர்ல பில் போட்டுக்குவான். 14 பேர் வச்சிருக்கிற நான் மூணு வருஷம் இன்னொரு நாட்டுல போய் ஆபீஸ் நடத்தி தகுதி சம்பாதிக்க முடியுமா? ஆக இந்தக் கேள்வி உண்மையில என்னை மாதிரி சின்ன ஆளுங்களுக்குத்தான், ஆனா பேச்சுவார்த்தை நேரத்துல அங்க போய் உக்காந்து பேச எங்களுக்கு நேரமும் இல்ல, ஆளும் இல்ல, வக்கீலும் இல்ல.

சரி, என் அனுபவத்துக்கு வர்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு வேலைக்கு எங்க சீனியர் இன்ஜினியரை ஆறு வாரம் அனுப்ப வேண்டியிருந்துது. அந்த நாடும் எங்க நாடும் ஒரே பெரிய பிராந்திய ஒப்பந்தத்துல இருக்கு, கிளையன்ட்டும் அதைச் சொல்லித்தான் தைரியம் குடுத்தார், ஈஸியா நடக்கும்னார். நானும் நம்பினேன். அப்புறம் பொறுமையா அந்த ஒப்பந்தத்தைத் திறந்து ஆட்கள் போக்குவரத்து பத்தின அத்தியாயத்தைப் படிச்சேன், அழகா இருந்துது, கடைசில ஒரு வரி, ஒவ்வொரு நாட்டோட அட்டவணையைப் பார்க்கவும்னு. அந்த நாட்டு அட்டவணையில மேனேஜர் உண்டு, கம்பெனிக்குள்ள டிரான்ஸ்ஃபர் ஆகுறவர் உண்டு, மீட்டிங்குக்கு வர்ற பிசினஸ் விசிட்டர் உண்டு. கான்ட்ராக்ட் வேலைக்கு வர்ற இன்ஜினியர்? அப்படி ஒரு வரியே இல்ல. கடைசில சாதாரண வொர்க் பர்மிட்தான், ஒப்பந்தமே இல்லாத நாட்டுக்காரன் நிக்கிற அதே க்யூ.

அப்புறம்தான் புரிஞ்சுது, ஆட்கள் விஷயத்துல பிராந்திய ஒப்பந்தம்ங்கிறது பல இருதரப்பு ஒப்பந்தத்தை ஒரே அட்டைக்குள்ள பைண்ட் பண்ணின புத்தகம். ஜப்பான், கனடா, ஆஸ்திரேலியா மாதிரி நாடுகள் இருக்கிற சிபிடிபிபி-ங்கிற பிராந்திய ஒப்பந்தத்துலயும் தற்காலிகமா வர்றவங்களுக்கு ஒவ்வொரு நாடும் தனித்தனி அட்டவணை, அதுல நீ எனக்குக் குடுத்தா நான் உனக்குக் குடுக்குறேன்ங்கிற கணக்கும் உண்டு. 1994-ல வந்த நாஃப்டா அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூணு நாடும் சேர்ந்த ஒப்பந்தம்தானே, அதுல கனடா இன்ஜினியர் அமெரிக்க எல்லைக்குப் போய் காகிதத்தைக் காட்டி டிஎன்ங்கிற தற்காலிக வேலை அந்தஸ்து வாங்கிக்கலாம், மெக்சிகோ இன்ஜினியர் தூதரகத்துல விசா வாங்கணும், அதுக்கு மேல 2004 வரைக்கும் மெக்சிகோகாரங்களுக்கு வருஷத்துக்கு 5,500 பேர்னு உச்சவரம்பு வேற. 2020-ல அந்த ஒப்பந்தத்தையே மாத்தி எழுதினாங்க, ஆனா எந்தெந்த தொழில்காரங்க போகலாம்ங்கிற பட்டியலை மட்டும் மாத்தாம அப்படியே வச்சுட்டாங்க. 90-களோட ஆரம்பத்துல யாரோ உக்காந்து எழுதின லிஸ்ட் அது, இன்னிக்கு இருக்கிற பாதி வேலை அப்ப பொறக்கவே இல்ல.

இருதரப்புல என்ன கிடைக்கும்னா, எண்ணிக்கையோட கிடைக்கும். அமெரிக்கா 2004-ல சிலி, சிங்கப்பூர் ரெண்டோடயும் தனித்தனியா ஒப்பந்தத்தை அமல் பண்ணினப்போ சிலிக்கு வருஷத்துக்கு 1,400, சிங்கப்பூருக்கு 5,400னு தனி விசாவே ஒதுக்கினாங்க. ஒரு கம்பெனிக்காரனுக்கு இதுதான் வேணும், பிளான் போட முடியிற ஒரு நம்பர். ஆனா இதுலயும் ஒரு கதை இருக்கு: வர்த்தக ஒப்பந்தத்துக்குள்ள விசாவை நுழைக்கிறதான்னு அமெரிக்க காங்கிரஸ்ல கோபப்பட்டாங்க, அடுத்து ஆஸ்திரேலியாவோட போட்ட ஒப்பந்தத்துல விசாவே இல்ல, 2005-ல தனிச் சட்டமா வருஷத்துக்கு 10,500னு இ-3ங்கிற வேலை விசா குடுத்தாங்க. அதனால இருதரப்புன்னா எப்பவும் கிடைச்சுடும்னும் சொல்ல மாட்டேன்.

லைசென்ஸ் கதை இன்னும் மோசம். தென்கிழக்கு ஆசியாவோட ஆசியான் நாடுகள் 2005-லயே இன்ஜினியர்களுக்கு, ஒரு நாட்டுத் தகுதியை இன்னொரு நாடு ஏத்துக்கிற பரஸ்பர அங்கீகார ஏற்பாடு கையெழுத்து போட்டுட்டாங்க, அப்புறம் நர்ஸ், ஆர்க்கிடெக்ட், டாக்டர், பல் டாக்டர்னு வரிசையா வந்துது. பேப்பர்ல பார்த்தா பிரமாதம். இன்ஜினியர் முதல்ல சொந்த நாட்டுல தகுதி வாங்கி, ஆசியான் சார்ட்டர்டு இன்ஜினியர் பட்டியல்ல ஏறி, போற நாட்டுல மறுபடியும் வெளிநாட்டு இன்ஜினியரா பதிவு பண்ணணும், அதுக்கப்புறமும் தனியா வேலை செய்ய முடியாது, உள்ளூர் இன்ஜினியரோட சேர்ந்துதான் செய்யணும். இவ்வளவும் தாண்டிப் போனா நான் முதல்ல எங்க நின்னேனோ அங்கயேதான், உள்ளூர்க்காரர் ஒருத்தர் ஸ்டாம்ப் வேணும்.

இது யாரோட சதியும் இல்லைங்க. இடிஞ்சு விழுந்தா யார் பொறுப்புங்கிற கேள்வி ஒவ்வொரு நாட்டுலயும் லைசென்ஸ் குடுக்கிற கவுன்சில் தலையில இருக்கு, அவங்க இன்னொரு நாட்டு தேர்வையும் சிலபஸையும் நம்பணும்னா உக்காந்து ஒவ்வொண்ணா பார்க்கணும். ரெண்டு கவுன்சில் அதைச் செய்யலாம். பத்து கவுன்சில் ஒரே மேசையில உக்காந்தா எல்லாரும் ஒத்துக்கிறது எதுன்னா யாருக்கும் வலிக்காததுதான். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1998-ல இருந்து ஒரு நாட்டுல பதிவு பண்ணினவர் அதே தொழிலுக்கு இன்னொரு நாட்டுல பதிவு வாங்கிக்கலாம்னு வச்சிருக்காங்க, ரெண்டே நாடு. அதுலயும் டாக்டர்களை வெளியில வச்சுட்டாங்க!

ஐரோப்பிய யூனியன் மட்டும் விதிவிலக்கு, அங்க ஒரு நாட்டுல லைசென்ஸ் வாங்கின பேங்க் மத்த எல்லா நாட்டுலயும் தொழில் பண்ணலாம். ஆனா அதுக்கு மேல எல்லாருக்கும் பொதுவா நிர்வாகம் பண்ற கமிஷன் இருக்கு, நீதிமன்றம் இருக்கு, அதை வர்த்தக ஒப்பந்தம்னு சொல்றதே சரியில்ல. பிரிட்டன் யூனியனை விட்டு விலகினதால 2020 கடைசியோட அந்த வசதி பிரிட்டன் பேங்க்குகளுக்கு இல்லாமப் போயிடுச்சு, பதிலுக்கு வந்த ஒப்பந்தத்துல நிதித் துறைக்கு பெருசா ஒண்ணும் இல்ல. பிராந்தியத்தை விட்டு இருதரப்புக்கு இறங்கினா என்ன ஆகும்னு கேக்குறவங்களுக்கு நேரடி உதாரணம் அது.

இதெல்லாம் படிச்சுட்டு நான் இருதரப்பு கட்சின்னு முடிவு பண்ணிடாதீங்க. டேட்டா விஷயத்துக்கு வந்தா நான் அப்படியே பல்டி அடிப்பேன். எங்க ட்ராயிங் எல்லாம் ஒரே கிளவுட் அக்கவுண்ட்ல இருக்கு, ஏழு நாட்டு கிளையன்ட்டுக்கு ஏழு சர்வர் வைன்னா நான் கடையை மூடிட வேண்டியதுதான். ரெண்டு நாடு மட்டும் தங்களுக்குள்ள டேட்டா ஃப்ரீயா போகலாம்னா எனக்கு பிரயோஜனம் கம்மி, மீதி நாட்டுக்கெல்லாம் என்ன பண்றது? இங்க ஒரே விதி எவ்வளவு நாட்டுக்கு இருக்கோ அவ்வளவு லாபம். சிபிடிபிபி இதை நல்லா எழுதியிருக்கு, தொழிலுக்காக டேட்டா எல்லை தாண்டலாம், சர்வரை உள்ளூர்லதான் வைக்கணும்னு கட்டாயப்படுத்தக் கூடாது, விலக்கு வேணும்னா காரணம் நியாயமானதா இருக்கணும். 15 ஆசிய-பசிபிக் நாடு சேர்ந்து போட்டு, 2022 ஜனவரில அமலுக்கு வர ஆரம்பிச்ச ஆர்செப் பிராந்திய ஒப்பந்தத்துலயும் கிட்டத்தட்ட அதே வாசகம் இருக்கு, ஆனா விலக்கு தேவையா இல்லையான்னு அந்தந்த நாடே முடிவு பண்ணிக்கலாம், சண்டை வந்தா அந்த அத்தியாயத்துக்கு தீர்ப்பு முறையே கிடையாது. பூட்டு இருக்கு, சாவி ஆளுக்கொண்ணு இருக்கு. இருந்தாலும் இல்லாததுக்கு இது தேவலாம்.

இன்னொண்ணும் சொல்லிடுறேன், இந்த ஒப்பந்தம் எதுவும் பெரும்பாலும் புதுசா கதவைத் திறக்கிறதில்ல. ஏற்கெனவே திறந்திருக்கிற கதவை மூட மாட்டேன்னு எழுதிக் குடுக்கிறதுதான் அதிகம். என் கிளையன்ட் ஒருத்தர் இதெல்லாம் சும்மா பேப்பர்ம்பார், நான் ஒத்துக்க மாட்டேன். அஞ்சு வருஷ கான்ட்ராக்ட் எடுக்கிறவனுக்கு அடுத்த ஆட்சி வந்து விதியை மாத்தாதுங்கிற உறுதி பெரிய விஷயம். அதுலயும் எதெல்லாம் மூடியிருக்குன்னு மட்டும் லிஸ்ட் போட்டு மீதி எல்லாம் திறந்ததுன்னு சொல்ற நெகட்டிவ் லிஸ்ட் முறை இருந்தா படிக்கவே சுலபம், என் தொழில் பேர் லிஸ்ட்ல இல்லைன்னா நிம்மதியா தூங்கலாம். திறந்ததை மட்டும் லிஸ்ட் போடுற மத்த முறையில லிஸ்ட்ல பேர் இல்லைன்னா தூக்கம் போயிடும்.

நேத்து ராத்திரி அந்த ஃபார்மை மறுபடியும் திறந்தேன். நாலாவது கேள்விக்கு கண்ணை மூடிட்டு இருதரப்புன்னு டிக் பண்ணிட்டு அடுத்த பக்கம் போனா, கடைசில மற்ற கருத்துகள்னு ஒரு பெட்டி. ஆட்கள் போறதுக்கும் லைசென்ஸுக்கும் ரெண்டு ரெண்டு நாடா பேசுங்க, எண்ணிக்கை போட்டுக் குடுங்க, கவுன்சில் ஆளுங்களை முதல் நாள்ல இருந்தே கூட உக்கார வைங்க, டேட்டாவுக்கு மட்டும் எவ்வளவு நாடு சேருதோ அவ்வளவையும் சேர்த்துக்கோங்கன்னு எழுத ஆரம்பிச்சேன். 250 எழுத்துக்கு மேல ஏறல. கவுன்சில்ங்கிற வார்த்தை பாதில நின்னுடுச்சு, அப்படியே அனுப்பிட்டேன்.