77-வது நிமிடம்

2016 பிப்ரவரி 6, இங்கிலாந்துக் கால்பந்து கிளப் லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டு. சண்டர்லாண்டுக்கு எதிராக லிவர்பூல் 2-0 முன்னிலை. 77-வது நிமிடத்தில் சுமார் பத்தாயிரம் ரசிகர்கள் எழுந்து வெளியே நடந்துவிட்டார்கள். புதிய ஸ்டாண்டில் அதிகபட்ச டிக்கெட் விலை 77 பவுண்டு என்று அறிவித்திருந்தார்கள், அதற்கான பதில் அது. ஆட்டம் 2-2 என முடிந்தது. நான்கே நாளில் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு விலை உயர்வைக் கைவிட்டார்கள்.

சரி, பாடம் படித்தார்களா? 2021-இல் ரசிகர்களை ஒரு வார்த்தை கேட்காமல், ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் தங்களுக்கென்று தொடங்கப் பார்த்த சூப்பர் லீக்கில் சேர்ந்தார்கள். மறுபடியும் மன்னிப்பு, இந்த முறை வீடியோவில்.

அப்போதைய லிவர்பூல் பயிற்சியாளர் கிளாப்பைப் பாருங்கள். 2015 டிசம்பரில் வெஸ்ட் ப்ராமுடன் கடைசி நேர கோலில் 2-2 டிரா. வீரர்களைக் கைகோத்து, தீவிர ரசிகர்கள் கூடும் 'காப்' ஸ்டாண்டு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். டிராவுக்கு இப்படியா என்று பலர் கேலி செய்தார்கள். எனக்கு இன்றும் பிடித்த காட்சி அது. கடைசிவரை உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சொன்ன நன்றி.

முதலாளிகளிடமிருந்து மன்னிப்பு வீடியோ வேண்டாம். டிக்கெட் விலை, லீக் மாற்றம் போன்ற பெரிய முடிவுகளுக்கு முன்னால் ரசிகர்களைக் கேட்க வேண்டும் என்று கிளப் விதியிலேயே எழுதிவையுங்கள். சூப்பர் லீக் கூத்துக்கு அப்புறம் லிவர்பூலில் கிளப் நிர்வாகம் கலந்துபேச ஒரு ரசிகர் குழு வந்தது. மற்ற கிளப்புகளும் அதிலிருந்து தொடங்கட்டும்.