ஒரு வரி காணாமல் போன பில்ட்

கல்லூரி லேபில் நிரல் எழுத எங்களுக்குக் கிடைத்தது டர்போ சி++. நீலத் திரை. ஆல்ட் எஃப்9 அழுத்தினால் கம்பைல் ஆகும், கன்ட்ரோல் எஃப்9 அழுத்தினால் ஓடும், ஆல்ட் எஃப்5 அழுத்தினால் விடை தெரியும். 1990களின் தொடக்கத்தில் வந்த மென்பொருள் அது. அதில் இன்ட் என்ற முழு எண் வகைக்கு 2 பைட்தான், 32767ஐத் தாண்டினால் எண் எதிர்மறைக்குப் புரண்டுவிடும். ஹெடர் கோப்பு எங்கே இருக்கிறது, அதை யார் தேடி எடுக்கிறார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. லேப் உதவியாளர் எல்லாவற்றையும் செட் செய்து வைத்திருப்பார். கோடை எழுதும் எடிட்டர் வேறு, அதைக் கணினிக்கான கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் வேறு என்பதே எனக்கு சிங்கப்பூர் வந்த பிறகுதான் உறைத்தது.

காக்கி புக்கிட்டில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் அலுவலகம். வரிசை எண் சீட்டு தரும் இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதினோம். குழுவின் மூத்தவர் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த தமிழர். முதல் நாள் ஒரு புதிய மெஷினை என் மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, இந்த வாரம் வேற வேலை எதுவும் வேணாம். நம்ம கோடு இதுல பில்ட் ஆகட்டும், அது போதும்" என்றார். பில்ட் என்றால் கோடு முழுவதையும் கம்பைல் செய்து ஓடக்கூடிய மென்பொருளாக்குவது. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். மூன்று நாள் ஆனது. ஒரு லைப்ரரியின் பாதை பழைய ஊழியர் ஒருவரின் டி டிரைவைக் காட்டிக்கொண்டிருந்தது. எஸ்டிகே என்ற கருவித் தொகுப்பில் எந்தப் பதிப்பு வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஒவ்வொன்றையும் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டு, சரி, ஓடுகிறது என்றதும் மறந்துவிட்டேன். எழுதி வைத்திருக்க வேண்டும். பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்த மறதியில் பங்கு உண்டு என்றே இன்றும் நினைக்கிறேன்.

சிங்கப்பூரின் அதிகாரத்துவ மொழிகள் நான்கு. ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் நான்கும் எங்கள் திரையில் வர வேண்டும். தமிழ் வாசகங்களை நான்தான் சேர்த்தேன். வருக, நன்றி, உங்கள் எண் என்று சின்னச் சின்னச் சொற்கள். மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க வருபவர் கோடு தெரியாதவராக இருந்தாலும் எந்த வரி எதற்கு என்று புரியட்டும் என்று, பக்கத்திலேயே தமிழில் குறிப்பும் எழுதினேன். என் மெஷினில் அழகாக வந்தது. எடிட்டரின் எழுத்துரு வரிசையில் நிர்மலா யூஐயைச் சேர்த்தபின் கட்டம் கட்டமாகத் தெரிந்த இடங்களும் சரியாகின.

2018 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அந்த வாரம் வெளியீட்டு பில்டை பக்கத்து மேசைச் சீன நண்பர் தன் மெஷினில் செய்து அனுப்பினார். திரும்பி வந்தால் புகார் காத்திருந்தது. காலையில் இயந்திரத்தைத் திறந்ததும் வரிசை எண் 1இலிருந்து தொடங்கவில்லை, நேற்றைய எண்ணிலிருந்தே ஓடுகிறது. ஒரு முதியவர் கையில் 214 என்ற சீட்டோடு காலியான கூடத்தில் உட்கார்ந்திருந்தாராம். அதைக் கேட்டபோது மனசு சங்கடப்பட்டது. நாங்கள் எழுதுவதை நம்பி ஒருவர் காத்திருக்கிறார் என்பது அன்றுதான் ஒரு முகமாகத் தெரிந்தது.

கோடில் எண்ணை 1க்குத் திரும்ப வைக்கும் வரி இருந்தது. என் மெஷினில் பில்ட் செய்தால் சரியாக ஓடியது. நண்பரின் மெஷினில் செய்தால் தப்பு. இருவருடைய கோடையும் ஒப்பிட்டோம், ஒரு எழுத்துகூட வித்தியாசம் இல்லை. கம்பைலர் பதிப்பும் ஒன்றே. இரண்டு நாள் இதிலேயே போனது. கடைசியில் அவர் மெஷினில், நிரலை நிறுத்தி நிறுத்தி ஓட்டும் டீபக்கரை வைத்து ஒவ்வொரு அடியாக நகர்த்தினோம். அம்பு அந்த வரியைக் கடந்தது, மாறியின் மதிப்பு மாறவில்லை. கம்பைலர் உருவாக்கிய கட்டளைகளைப் பார்த்தால் அந்த வரிக்கென்று எதுவுமே இல்லை. கம்பைல் ஆவதற்கு முந்தைய கட்டமான ப்ரீபிராசஸரின் வெளியீட்டை எடுத்துப் பார்த்தோம். அங்கேயும் வரி இல்லை.

அந்த வரிக்கு மேலே "புதிய எண்" என்று நான் எழுதிய தமிழ்க் குறிப்பு இருந்தது.

என் எடிட்டர் விஎஸ் கோட். அது கோப்புகளை, எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில், முன்னால் பாம் என்ற அடையாள பைட்டுகள் இல்லாமல் சேமிக்கும். மைக்ரோசாஃப்ட் சி++ கம்பைலரோ, அந்த அடையாளம் இல்லாவிட்டால், கோப்பு அந்தக் கணினியின் கோடு பேஜில், அதாவது எந்த பைட் எந்த எழுத்து என்ற அட்டவணைப்படி, இருப்பதாக எடுத்துக்கொள்ளும். என் விண்டோஸில் அது 1252. அதில் ஒவ்வொரு பைட்டும் தனி எழுத்து, ஆகவே கம்பைலர் தப்பாகப் புரிந்துகொண்டாலும் பைட்டுகள் உள்ளே போனபடியே வெளியே வந்துவிட்டன. நண்பரின் விண்டோஸ் சீன மொழிக்கு அமைக்கப்பட்டது, கோடு பேஜ் 936. அதில் இப்படிப்பட்ட பைட்டுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஒரு எழுத்தாகும்.

தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் யுடிஎஃப்-8இல் 3 பைட். "எண்" என்ற சொல்லில் எ, ண, புள்ளி என்று மூன்று குறிகள், 9 பைட். இரண்டிரண்டாகப் பிடித்தால் நான்கு ஜோடி போக ஒன்று தனியாக நிற்கும். அந்த ஒன்பதாவது பைட், தனக்கு ஜோடியாக, அடுத்து வந்த வரிமுறிவைப் பிடித்துக்கொண்டது. வரிமுறிவு போனதும் அடுத்த வரியும் குறிப்போடு ஒட்டிக்கொண்டது. குறிப்பைக் கம்பைலர் படிக்காது. எண்ணைத் திரும்ப வைக்கும் வரி இப்படித்தான் போனது. "வருக" என்று முடிந்திருந்தால் 4 குறிகள், 12 பைட், வரி பிழைத்திருக்கும்!

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இதே கோடு லினக்ஸுக்கும் போவதால், வரிமுறிவை எல்எஃப் என்ற ஒரே பைட் மட்டும் என்று எடிட்டரில் வைத்திருந்தேன். விண்டோஸ் வழக்கப்படி சிஆர்எல்எஃப் என்று இரண்டு பைட் இருந்திருந்தால் சிஆர் மட்டும் போய், எல்எஃப் நின்று வரியைக் காப்பாற்றியிருக்கும். என் எடிட்டரில் இரண்டு செட்டிங், அவர் விண்டோஸில் ஒன்று. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றிலும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

கம்பைலர் இதைச் சொல்லாமலும் இல்லை. சி4819 என்ற வார்னிங், இந்தக் கோப்பில் இந்தக் கோடு பேஜில் அடங்காத எழுத்து இருக்கிறது, யூனிகோடில் சேமி என்று தெளிவாகச் சொல்கிறது. எங்கள் பில்டில் நானூறுக்கு மேல் வார்னிங் வந்துகொண்டிருந்த காலம் அது. அந்தக் கும்பலில் இதை யாரும் படிக்கவில்லை.

மறுநாள் கூட்டத்தில் ஒருவர், இனிமேல் கோடில் ஆங்கிலம் மட்டும்தான் என்று விதி வைத்துவிடலாம் என்றார். எளிய தீர்வுதான். எனக்கு அது பிடிக்கவில்லை, பிடிக்கவில்லை என்று சொன்னேன். இந்த ஊர் எம்ஆர்டி ரயில் நிலையப் பலகையில் தமிழை எழுதி வைத்திருக்கிறது. அந்தத் தமிழைத் திரையில் காட்டும் வேலையைச் செய்கிற நாம், கம்பைலருக்கு ஒரு சொல் சொல்லச் சோம்பல்பட்டு அதை வெளியே நிறுத்தலாமா என்று கேட்டேன். மூத்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த ஒரு சொல் என்ன தம்பி? அத முதல்ல போடு" என்றார்.

சாய்கோடு போட்டு யுடிஎஃப்-8. அவ்வளவுதான் அந்தச் சொல். விஷுவல் ஸ்டுடியோ 2015இன் இரண்டாவது அப்டேட்டிலிருந்தே கம்பைலரில் அந்த வசதி உண்டு. பில்ட் விதிகளை எழுதி வைக்கும் சிமேக் கோப்பில் ஒரே வரியில் சேர்த்தேன். எங்கள் கோடு முழுவதும் இருக்கும் ரெப்போவின் மேல்தட்டில் எடிட்டர்கான்ஃபிக் கோப்பு ஒன்றை வைத்து, எழுத்து முறை, வரிமுறிவு, இடைவெளி மூன்றையும் அதில் எழுதினேன். யார் எந்த எடிட்டரில் திறந்தாலும், அது அந்தக் கோப்பைப் படிக்கும் எடிட்டராக இருந்தால், அதே விதி. சீன நண்பர் அன்று மாலை கீழே கோப்பிக் கடையில் எனக்கு ஒரு தே ஓ கோசோங் வாங்கிக் கொடுத்து, தன் ஊரில் சீனக் குறிப்புகளுக்கும் இதே கதி உண்டு என்றார். அவர் ஏற்கெனவே பட்ட அடி. முன்பே பேசிக்கொண்டிருந்தால் இரண்டு நாள் மிச்சம்.

வார்னிங்குகளை ஒழிக்கத்தான் ரொம்ப நாள் பிடித்தது. வாரத்துக்கு ஒரு கோப்பு என்று நாலு பேர் உட்கார்ந்தோம். பெரும்பாலும் சலிப்பான வேலை, எழுதுவதற்கு அதில் எதுவும் இல்லை.

அடுத்த ஆண்டு இயந்திரத்தை ஆர்ம் சிப் உள்ள சின்னப் பலகைக்கு, லினக்ஸுக்கு மாற்றினோம். சீட்டில் தமிழ் வரிகள் எழுத்தின் நடுவிலேயே முறிந்து அச்சாகின. வரியை எங்கே மடிப்பது என்று பார்க்கும் பகுதியில், சார் என்ற ஒரு பைட் எழுத்து வகையின் மதிப்பு சுழிக்குக் கீழே இருந்தால் ஆங்கிலம் அல்லாத எழுத்து என்று யாரோ எழுதியிருந்தார்கள். மேசைக் கணினியின் எக்ஸ்86 சிப்பில் சார் குறியுள்ளது, தமிழ் பைட்டுகள் எதிர்மறையாக வரும். ஆர்ம் லினக்ஸில் சார் குறியற்றது, சுழிக்குக் கீழே போகவே போகாது. ஜிசிசி கம்பைலரில், கூடுதல் வார்னிங் கேட்கும் டபிள்யூ-எக்ஸ்ட்ரா போட்டதும் முதல் பில்டிலேயே, இந்த ஒப்பீடு எப்போதும் பொய் என்று காட்டிவிட்டது. குறியற்ற அன்சைன்ட் சாராக மாற்றி, 127க்கு மேலா என்று கேட்டதும் வரிகள் சரியாக மடிந்தன.

ஆனால் என் எடிட்டர் ஏன் முன்னாலேயே சிவப்பு அடிக்கோடு போடவில்லை? இப்போதைய எடிட்டருக்கு நிரல்மொழி தெரியாது, பின்னால் ஓடும் லாங்குவேஜ் சர்வரைக் கேட்டுத்தான் சொல்கிறது. அந்த முறையை மைக்ரோசாஃப்ட் 2016இல் வெளியிட்டது. நான் வைத்திருந்த சர்வர் கிளாங்டி. அதற்கு நான் ஆர்ம் கம்பைலரைக் காட்டவே இல்லை. அது என் மேசைக் கணினிக்கான கோடு என்று நம்பிக்கொண்டு நல்லபடியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறது. எந்தக் கோப்பை எந்தக் கம்பைலர் எந்த ஃபிளாகோடு எடுக்கிறது என்ற பட்டியலை சிமேக்கே எழுதித் தரும். அதை கிளாங்டியிடம் கொடுத்த பிறகு, எடிட்டரும் கம்பைலரும் ஒரே பேச்சு பேசின.

இப்போது குழுவுக்குப் புதிதாக யார் வந்தாலும் முதல் வாரம் அதே வேலைதான். புது மெஷின், ரெப்போ, ஒரு குறிப்புக் கோப்பு. குறிப்பில் எங்கே தடுக்குகிறதோ, கேட்டுத் தெரிந்துகொண்டதும் அங்கேயே எழுதிச் சேர்க்க வேண்டும். போன மாதம் பாலிடெக்னிக்கிலிருந்து பயிற்சிக்கு வந்த பெண் ஒன்றரை மணி நேரத்தில் பில்ட் செய்துவிட்டு, சோதனைக் கோப்புகளில் ஒன்றைத் திறந்து என்னிடம் வந்தாள். "அண்ணா, இதுல 'எண்'னு ஒரு கமென்ட், கீழ ஒரு வரி, அவ்வளவுதான் இருக்கு. இது எதுக்கு?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.