வெள்ளி ரூபாய்க்குத் தண்ணீர்ச் சோதனை: ஒருவழியாக எண் நிலைத்தது

ஒரே நாணயத்தை மறுபடி மறுபடி தண்ணீரில் இறக்கி அடர்த்தி பார்த்தாலும் இப்போது ஒரே எண் வருகிறது. இந்தச் சோதனையோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று தெரியும். ஒரு தடவை 10.1, அடுத்த தடவை 10.6 என்று காட்டிக்கொண்டிருந்த அதே ஸ்கேல் (சிறிய மின்னணுத் தராசு), அதே 1917 ரூபாய். இன்று 10.33-ல் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்றால், நம் வெள்ளி ரூபாயைச் சோதிக்க இதைவிடச் சுத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. 1835-ல் கம்பெனி அரசு தன் ஆட்சிப் பகுதிகளுக்கெல்லாம் ஒரே ரூபாய் என்று வகுத்தபோது 180 கிரெயின் எடை, அதில் 165 கிரெயின் சுத்த வெள்ளி என்று வைத்தது. அதாவது 11.66 கிராம், 91.7 சதவீதம். நான்காம் வில்லியம் காலத்தில் தொடங்கி ஆறாம் ஜார்ஜின் 1939 வரை அந்த அளவு மாறவேயில்லை. 1940-ல் போர் நெருக்கடியில் வெள்ளி பாதியானது. 1947-ல் வெள்ளியே கிடையாது, நிக்கல். முதல் வகையின் அடர்த்தி 10.34 பக்கம், பாதி வெள்ளி 9.5 பக்கம், நிக்கல் 8.9. போலிக்குப் பயன்படும் ஜெர்மன் சில்வர் (பெயரில் மட்டும் வெள்ளி; செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) 8.7-ஐ ஒட்டி வரும்; முலாம் பூசிய பித்தளை 8.5. நடுவில் இவ்வளவு இடைவெளி இருப்பது நமக்கு வசதி.

இன்னொரு அருமையான விஷயம், தேய்ந்த நாணயத்தின் எடை குறையும், அடர்த்தி குறையாது. எடையை மட்டும் வைத்துக்கொண்டு 11.2 கிராம் ஏன் என்று கேட்டால் தேய்மானமா, மோசடியா என்று சொல்ல முடியாது. உரைகல்லில் உரசினால் தெரிந்துவிடும், ஆனால் உரசிய நாணயம் நமக்கு எதற்கு? சுண்டிப் பார்ப்பதும் முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. விரிசல் விழுந்த நல்ல ரூபாயும் மந்தமாகத்தான் ஒலிக்கும்.

செய்முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். சிறிய கிண்ணத்தில் தண்ணீர், அதை ஸ்கேல் மேல் வைத்துப் பூஜ்யமாக்கி, நாணயத்தை அடியையும் பக்கத்தையும் தொடாமல் தொங்கவிட்டால் ஸ்கேல் காட்டுவது நாணயம் விலக்கிய தண்ணீரின் எடை. வெளியே நிறுத்த எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. அப்படியே நாணயத்தை அடியில் படுக்க வைத்தால் முழு எடையும் வந்துவிடும்; முதலில் நிறுத்த எடையோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

எல்லா வம்பும் அந்தத் தொங்கவிடுவதில்தான். முழு எடையுள்ள ரூபாய் விலக்கும் தண்ணீர் வெறும் 1.13 கிராம். நம்மிடம் இருப்பது 0.01 கிராம் வரை காட்டும் ஸ்கேல். 1.12 என்று காட்டினால் அடர்த்தி ஓர் எண், 1.13 என்று காட்டினால் அதைவிட 0.09 குறைவு. இப்படிப்பட்ட இடத்தில் 3 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரே ஒரு காற்றுக்குமிழி 0.014 கிராம் தண்ணீரை விலக்கிவிடும். அது விளிம்பின் கோடுகளுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தால் கண்ணுக்கும் எளிதில் தெரியாது. நல்ல வெள்ளியைச் சந்தேகப்பட வைப்பது பெரும்பாலும் இந்தக் குமிழிதான்.

நூலில் இருந்து தொடங்கினேன். பருத்தி நூல் கூடவே கூடாது. தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும், எண் ஊர்ந்துகொண்டே போகும். தையல் மெஷினின் பாலியஸ்டர் நூல் கொஞ்சம் பரவாயில்லை. மெல்லிய தூண்டில் நரம்பு இன்னும் நல்லது, ஆனால் அது சுருண்டு நிமிர்வதால் நாணயம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, சில நேரம் வழுக்கியும் விடுகிறது. விளிம்பில் ஒற்றைச் சுருக்குப் போட்டு 1840 விக்டோரியாவைத் தொங்கவிட எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் கைகொடுத்தது மோட்டார் சுற்றும் மெல்லிய செம்புக் கம்பி. இரண்டு வளையங்களைக் குறுக்காக முறுக்கித் தொட்டில் மாதிரி செய்துகொண்டேன். நாணயம் அதில் சாய்வாக உட்காரும். சாய்வு முக்கியம், கிடையாகப் படுத்தால் அடிப்பக்கத்தில் காற்று சிக்கிக்கொள்கிறது. காலித் தொட்டிலை முதலில் தண்ணீரில் இறக்கி, அந்த நிலையிலேயே ஸ்கேலைப் பூஜ்யமாக்க வேண்டும். பிறகு நாணயத்தோடு இறக்கும்போது கம்பி அதே ஆழத்துக்குத்தான் போக வேண்டும். இதற்காகக் கம்பியில் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். தொட்டிலைக் கையில் பிடிக்காமல் ஒரு மரச்சட்டத்தில் மாட்டிவிட்டேன்; கை நடுக்கத்துக்கு அங்கே வேலையே இல்லை.

தண்ணீரைக் கொதிக்க வைத்து மூடி ஆறவைத்ததைத்தான் பயன்படுத்துகிறேன், கரைந்திருக்கும் காற்று போய்விடும். அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி. நாணயம் உடனே முழுசாக நனைகிறது. மென்மையான ஓவியத் தூரிகையால் தண்ணீருக்குள்ளேயே விளிம்பை ஒருமுறை வருடிவிட்டால் மிச்சக் குமிழியும் மேலே வந்துவிடும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். மலிவான ஸ்கேல்களில் இன்னொரு தொல்லை உண்டு. மிக மெதுவாக இறக்கினால் அந்தச் சிறு மாற்றத்தை ஸ்கேல் தானாகவே பூஜ்யத்தில் சேர்த்து விழுங்கிவிடுகிறது. சட்டென்று இறக்கி, எண் நின்றதும் குறித்துக்கொள்ளுங்கள்.

வெப்பநிலையையும் விட்டுவிடக் கூடாது. 30 டிகிரியில் தண்ணீரின் அடர்த்தி 0.9957. அதால் பெருக்காவிட்டால் 10.34 வர வேண்டிய இடத்தில் 10.38 வரும். பெரிய வித்தியாசமில்லைதான். ஆனால் மற்ற எல்லாவற்றையும் இவ்வளவு இழைத்த பிறகு இதை மட்டும் ஏன் விடுவது?

சரி, முடிவுகள். 1917 ஐந்தாம் ஜார்ஜ்: 11.62 கிராம், விலக்கியது 1.12, அடர்த்தி 10.33. 1907 ஏழாம் எட்வர்ட்: 11.58, 1.12, 10.29. 1944 ஆறாம் ஜார்ஜ்: 11.60, 1.21, 9.55, பாதி வெள்ளிக்குப் பொருத்தம். இவற்றோடு ஒரே கட்டாக வந்த ஒரு 1840 விக்டோரியா: 11.21 கிராம், 1.29, அடர்த்தி 8.65. அதோடு அதன் கதை முடிந்தது. முகமும் எழுத்தும் பார்க்க மோசமில்லை, தேய்ந்த நாணயம் என்றால் நம்பும்படியான எடை. ஆனால் காலிப்பரில் பிடித்தால் பக்கத்து ரூபாயைவிடத் தடிமன் தெளிவாகக் கூடுதல். லேசான உலோகத்தில் எடையைக் கொண்டுவர வேண்டுமென்றால் தடிமனைக் கூட்டித்தானே ஆக வேண்டும்.

இப்போது மேசை மேல் இருப்பது நண்பர் ஒருவர் பார்த்துச் சொல்லச் சொல்லிக் கொடுத்த 1939. கிடைப்பதற்கு மிக அரிய ஆண்டு, சொன்னாலே நமக்கெல்லாம் படபடக்கும். 11.60 கிராம், 1.12, அடர்த்தி 10.31. உலோகம் சரி. அதைக் கேட்டதும் நண்பருக்கு ஒரே குதூகலம். ஆனால் 1938-ம் இதே உலோகம்தான். அந்த 8-ன் கீழ்ச் சுழியில் இடது பக்கத்தைச் செதுக்கி எடுத்தால் 9. அந்தத் திருட்டைத் தண்ணீரால் பிடிக்கவே முடியாது. 1940-க்குப் பிந்தையதைத் திருத்தியிருந்தால் 9.5 காட்டிக்கொடுத்திருக்கும், அவ்வளவுதான் இதன் எல்லை. இனி வேலை லென்ஸுக்கு. கடைசி எண்ணைச் சுற்றியுள்ள தளம் மற்ற இடங்களைப் போலவே இருக்கிறதா, வால் முடியும் இடம் அச்சில் அழுந்தி வந்ததா அல்லது அராவியதா என்று சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பக்கத்தில் வைத்து ஒப்பிட நல்ல நிலையில் உள்ள ஒரு 1938 தேவை. தேடிக்கொண்டிருக்கிறேன்.

வாங்கும் இடங்களைப் பற்றியும் கொஞ்சம். கண்காட்சிகளில் 'வெள்ளி ரூபாய்' என்று தட்டில் குவித்து ஒரே விலை சொல்லும் மேசைகளில் ஆண்டைப் பார்க்காமல் கைவைக்காதீர்கள். 1939 வரையிலான ரூபாயில் சுத்த வெள்ளி 10.69 கிராம், அதற்குப் பின் வந்த பாதி வெள்ளியில் 5.83. முதலீடாக நினைத்து வாங்குபவர்களுக்கு இந்தக் கணக்குத்தான் அடித்தளம். 1917, 1918 எல்லாம் ஏராளமாக அடித்தவை; சாதாரண நிலையில் இருந்தால் வெள்ளி விலையை ஒட்டித்தான் வாங்க வேண்டும். அதற்கு மேல் கொடுப்பது நிலைக்காகவோ அரிய வகைக்காகவோ இருக்கட்டும்.

பழைய குடும்பங்களிலிருந்து வரும் நாணயங்கள்தான் எனக்குப் பிடித்தவை, ஆனால் விற்பதற்கு முன் விபூதியும் புளியும் போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்து நிற்கிறார்கள். நூறு வருடம் படிந்த நிறம் பத்து நிமிடத்தில் போய்விடுகிறது, கூடவே முடியிழை போன்ற கீறல்களும் விழுந்துவிடுகின்றன. தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வையுங்கள், தேய்க்காமல் கொண்டுவந்தால்தான் நல்ல விலை என்று. சோதனை முடிந்த பிறகும் காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசி ஒற்றி எடுப்பதோடு சரி, துடைப்பதே இல்லை. மென்மையான பிவிசி உறைகளையும் ஒழித்துவிட்டேன். அவை நாணயத்தில் விடும் அந்தப் பச்சைப் பிசுக்கை இனிப் பார்க்க வேண்டாம்.

பழைய நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று வரும் அழைப்புகள் இன்னும் ஓயவில்லை. அப்படி யாருக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. புதிதாகச் சேருபவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது கால் ரூபாய். எடை 2.92 கிராம், விலக்கும் தண்ணீர் 0.28 மட்டுமே, ஸ்கேலின் ஒரு படி நகர்ந்தாலே அடர்த்தி 0.35-க்கு மேல் ஆடும். 0.001 வரை காட்டும் ஸ்கேல் இல்லாமல் தொட மாட்டேன். அந்த வகை ஸ்கேல்கள் தாங்கும் மொத்த எடை குறைவு என்பதால் கிண்ணத்தையும் மாற்ற வேண்டும். மருந்துப் புட்டியின் பிளாஸ்டிக் மூடி ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன், கால் ரூபாய் அதில் தொடாமல் தொங்குகிறது.

அதோடு ஒரு ரூபாய் நோட்டுகள் பக்கமும் மனம் போகிறது. முதல் ஒரு ரூபாய் நோட்டு வந்தது 1917 நவம்பர் 30-ல், முதல் உலகப் போரில் வெள்ளி கிடைக்காததால். அடுத்த ஆண்டே அமெரிக்கா தன் வெள்ளி டாலர்களை உருக்கி, இந்தியாவின் ரூபாய்த் தேவைக்காக பிரிட்டனுக்கு விற்றது. 1926-ல் அந்த நோட்டு நின்றது, 1940 ஆகஸ்டில் இன்னொரு போருக்காகத் திரும்பி வந்தது. ரூபாயில் வெள்ளி பாதியான அதே ஆண்டு. ஆக, 1917, 1918 நாணயங்களோடு 1917 நோட்டு, 1939, 1940 நாணயங்களோடு 1940-ல் வந்த நோட்டு என்று ஒரே ஆல்பத்தில் வைத்தால் வெள்ளித் தட்டுப்பாடு முழுவதும் கண்முன் வந்துவிடும். 1917 நோட்டில் கப்பே, மெக்வாட்டர்ஸ், டென்னிங் என்ற மூன்று அதிகாரிகளில் ஒருவரின் கையெழுத்து இருக்கும். முதலில் கப்பே கையெழுத்தில் ஒன்று, அதுவும் கழுவி இஸ்திரி போடாத நோட்டாகப் பார்த்து. கழுவிய காகிதம் மொடமொடப்பை இழந்து துவண்டுவிடும், வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் அழுத்தி மறைத்த மடிப்பும் தெரியும். அதற்கான விளக்கு ஏற்கெனவே மேசையில் இருக்கிறது, 1939-க்காக வாங்கியது.