வகிட்டில் தெரிந்த வெள்ளைக் கோடு

பதினான்கு ஆண்டுகளாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை காலையில், குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, தோளில் பழைய துண்டைப் போர்த்தியபடி, விளிம்பு கறுத்துப்போன ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் தலைச்சாயம் குழைத்துக்கொண்டிருந்தேன். காது மடலில் ஒட்டிய கறையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கும். நரைத்தால்தான் என்ன என்று ஒருநாளும் என்னை நான் கேட்டுக்கொண்டதில்லை. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற கேள்வி அதற்கு முன்பே வந்து நின்றுவிடும்.

அதை நிறுத்தியதற்குக் காரணம் துணிச்சல் அன்று. சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், சாயம் பூசிய மறுநாள் நெற்றியோரம் தடித்து, இமைகள் வீங்கிக் கண்ணைத் திறக்க முடியாமல் போயிற்று. கறுப்புச் சாயங்கள் பலவற்றில் இருக்கும் பாராபினைலீன்டையமின் என்னும் பொருள் எனக்கு ஒவ்வாமல் போய்விட்டதாகவும், ஆண்டுக்கணக்கில் பழகிய பொருளாக இருந்தாலும் உடல் அதை ஒருமுறை பகையாகக் கண்டுகொண்டால் பிறகு விடாது என்றும் தோல் மருத்துவர் சொன்னார். வீடு திரும்பும் வழியில் என்னை அரித்த கவலை கண்ணைப் பற்றியதன்று. கார்த்திகையில் வரவிருந்த அக்காள் மகன் கல்யாணத்தைப் பற்றியது.

முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஆகவே கல்யாணத்தன்று வகிட்டின் இருபுறமும் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளையும், அதற்கு அப்பால் மங்கிய செம்பழுப்புமாக, பாதி வெள்ளையடித்து விட்ட சுவரைப் போன்ற தலையோடுதான் மண்டபத்துக்குள் நுழைந்தேன். ஒரு பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "ஏண்டி, உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்றார். சாயம் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். "அதானே பாத்தேன்" என்றவர், அடுத்த மூச்சிலேயே முதல் பந்தியில் தமக்கு ஓர் இடம் பிடித்து வைக்கச் சொன்னார். நான்கு மாதம் நான் தூக்கம் கெட்டது அந்த அரை நிமிடத்துக்காகத்தான். கை கழுவும் இடத்தில் இரண்டு பெண்கள் தனித்தனியே என்னை ஓரமாக அழைத்து, எப்படி நிறுத்தினாய் என்று தாழ்ந்த குரலில் விசாரித்ததை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் மாணவர்களுக்கு ஒரு பாடகரின் முகம் அச்சிட்ட, போடவே கூச்சப்படும்படியான பனியனை அணிவித்து, பிற மாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பிப் பார்த்து, 2000-இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். அறையில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பார்த்திருப்பார்கள் என்று பனியன் போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். நம் கல்யாண மண்டபங்களில் அந்தக் கணக்கு சற்றுக் கூடும் என்பது என் எண்ணம், ஏனெனில் இங்கே பார்ப்பவர்கள் உறவினர்கள், பார்ப்பதோடு நில்லாமல் வாய்விட்டுக் கேட்கவும் செய்வார்கள். ஆனால் கேட்டதை அவர்கள் வீட்டுக்குச் சுமந்து செல்வதில்லை, சுமந்தது நான்தான்.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. நடிகர் அஜித் நரைத்த தலையோடு திரையில் தோன்றியபோது அதை அழகென்று கொண்டாடிய ஊர், அதே நரை ஒரு பெண்ணின் தலையில் இருந்தால் நோயா என்று கேட்கிறது. அதற்காக யார் பேச்சையும் கேட்கத் தேவையில்லை என்று சொல்லவும் மாட்டேன்; நான் சிடுசிடுப்பதாக என் மகள் சொன்னால் அது என்னை உறுத்தத்தான் வேண்டும். அவள் என்னோடு வாழ்கிறவள், பெரியம்மா பந்திக்கு வந்தவர்.

அந்தக் கறுத்த கிண்ணத்தில் இப்போது துணி காயப்போடும் கிளிப்புகள் கிடக்கின்றன. செம்பழுப்பு முழுவதும் வெட்டுப்பட்டுப் போய்விட்டது. யாராவது புகைப்படம் எடுக்கக் கைப்பேசியைத் தூக்கினால் மட்டும், என்னை அறியாமல் முந்தானை இன்னும் வகிடு வரைக்கும் ஏறிவிடுகிறது.